அறுபது எழுத்துக்கு அப்பால் ஒரு வீடு

ஆம்புலன்ஸ் வாரியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. கூப்பிட்டால் வருவார்கள். சைரன் அலற, சிவப்பு விளக்கு சுழலப் பறந்து வருவார்கள். வந்து டயர் கடை வாசலில் நிற்பார்கள். மேட்டுக் குடியிருப்பில் யாருக்கு என்ன வந்தாலும் சரி, மாரடைப்போ, பிரசவ வலியோ, படியில் உருண்டு உடைந்த மண்டையோ, வண்டி வந்து நிற்கிற இடம் டயர் கடைதான். அங்கே நின்று ஓட்டுநர் ஹாரன் அடிப்பார். உயிர் போகிறவர் எழுந்து வரவேண்டியதுதான்.

ஓட்டுநர்கள் மேல் தப்பே இல்லை. மேட்டுக் குடியிருப்பில் வீடுகளுக்கு எண் கிடையாது. சந்துக்குள் சந்து, படிக்கட்டுக்கு மேல் படிக்கட்டு என்று வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். வழி கேட்டுத்தான் வரவேண்டும். அப்படிச் சொல்லும் வழியை எழுதிவைக்க வாரியத்தின் தரவுத்தளத்தில் ‘வழி’ என்றே ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தின் வகை வார்கேர் அறுபது. அதாவது அறுபது எழுத்து வரைக்கும் வாங்கிக்கொள்ளும், அதற்கு மேல் வருவதை ஓசைப்படாமல் வெட்டிக் கீழே போட்டுவிடும். கணினிக்குக் கொம்பும் ஒரு எழுத்து, காலும் ஒரு எழுத்து, தலைமேல் வைக்கிற புள்ளியும் ஒரு எழுத்து, நடுவில் விடுகிற இடைவெளியும் ஒரு எழுத்து. ‘பெரிய ரோடு பாலம் இறங்கி மரக்கடை ஒட்டி இடது திரும்பி டயர் கடை’ என்று அழைப்பு மேசையில் தட்டினால் கணக்கு கச்சிதமாக அறுபது. அதற்குப் பிறகு எந்தச் சந்து, என்ன நிறக் கதவு என்று தொண்டை கிழியக் கத்தினாலும் எல்லாம் காற்றோடு போச்சு.

இந்தத் தரவுத்தளத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். பொறுப்பு அவரிடம் இருந்தது. அதிகாரம் மூன்று மாடி மேலே இருந்தது. ஒரு கட்டத்தின் பெயரை மாற்றுவதற்குக்கூட மேலே கேட்டுவிட்டுத்தான் விரலை அசைக்கவேண்டும். மனுஷர் பரமசாது. யாராவது காலை மிதித்தால், ‘மன்னிக்கணும், கால் அங்கே இருந்துடுச்சு’ என்பார்.

அவர் குடியிருந்ததும் மேட்டுக் குடியிருப்பில்தான், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, அக்காவோடு. பஞ்சாலைத் தூசியை வருஷக்கணக்காக விழுங்கித் தம்பியைக் கணினிப் படிப்பு வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியவள் அக்கா. விழுங்கிய தூசி நெஞ்சை விட்டுப் போகவில்லை. மூச்சிரைப்பு வந்தால் உதடு நீலம் பாரித்துவிடும். மூச்சு நன்றாக இருக்கிற நாளில் வாய் சும்மா இருக்காது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "வர்றவன் டயர் கடையோட நின்னுட்டான் போல" என்பாள்.

"ஏன்டா, அந்த ஆபீஸ்ல நீ என்னதான் பண்ற?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"தரவுத்தளத்தப் பாத்துக்கறேன்கா."

"நல்லாப் பாத்துக்க. நான் ஒரு நாள் மூச்சடைச்சுப் போய்ச் சேருவேன். அதையும் உக்காந்து பாத்துக்க."

சிரித்துக்கொண்டே சொன்னதுதான். ஆனால் பொறுப்பாளருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே மூன்று மாடி ஏறி, ‘வழி’ கட்டத்தை வார்கேரிலிருந்து டெக்ஸ்ட் வகைக்கு மாற்ற அனுமதி வேண்டும் என்று கேட்டுவிட்டார். டெக்ஸ்ட் என்றால் எல்லை கிடையாது. ஒரு வரி எழுதினால் ஒரு வரி, ஒரு புராணம் எழுதினால் ஒரு புராணம், அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும்.

வாரியத்தில் எதையும் சும்மா செய்துவிட மாட்டார்கள். கட்ட வகை மறுபரிசீலனைக் குழு என்று ஒன்று கூடியது. நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மூலையில் ஒழுகும் ஏசிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. இயக்குநர் நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கம் வரையறை அதிகாரி அம்மாள். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு இடம் என்று வரையறுப்பது அவருடைய உத்தியோகம். அதைக் குறைப்பது அவருடைய லட்சியம்.

"அளவில்லாத கட்டம் குடுத்தா அளவில்லாம எழுதுவாங்க சார்," என்றார் அம்மாள். "இன்னைக்கு வழி எழுதுவாங்க. நாளைக்கு நோவு எழுதுவாங்க. நாளன்னைக்கு நம்மளப் பத்தியே எழுதுவாங்க."

குழு நடுங்கியது. இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"அறுபதுங்கறது ஏதோ குருட்டாம்போக்குல வந்த எண் இல்ல. இந்தக் கட்டத்த வடிவமைச்ச குழுவுக்கு நான்தான் தலைவர். எங்க வீட்டுக்கு வழி எழுதித்தான் அளந்து பாத்தோம். முப்பத்தெட்டுல முடிஞ்சுது. அப்புறம் பொதுமக்களையும் நெனச்சுப் பாத்து, தாராளமா இன்னொரு இருபத்திரண்டு சேத்தோம்."

பொறுப்பாளர் எழுந்து நின்றார். "சார், டெக்ஸ்ட்டுக்கு மாத்தினா இடம் வீணாகாது. எழுதற அளவுக்குத்தான் பிடிக்கும். மாத்தறதுக்கும் கண் சிமிட்டற நேரம் போதும். ஒரு நகல்ல போட்டுப் பாத்துட்டேன்."

"அந்தக் கண் சிமிட்டற நேரத்துல டேபிள் பூட்டியிருக்குமா? அழைப்பு எதுவும் பதிவாகாதா?" என்று கேட்டார் அம்மாள்.

"ஒரே ஒரு கணம் மேடம்."

"அந்த ஒரு கணத்துல யாராவது சாகக் கிடந்து கூப்பிட்டா?"

அறையில் துக்கம் சூழ்ந்தது. மக்கள் உயிரின் மேல் வாரியத்துக்கு இருந்த அக்கறையைப் பார்த்துப் பொறுப்பாளருக்கே கண் கலங்கியது. கடைசியில் ஒரு முடிவு எடுத்தார்கள். எல்லாப் பத்திரிகையிலும் விளம்பரம் வந்தது: ‘தொழில்நுட்பப் பணி காரணமாக வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கணம் பொதுமக்கள் யாரும் நோய்வாய்ப்பட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

புதன்கிழமை சரியாகப் பத்து மணிக்கு ஊரின் இன்னொரு கோடியில் ஒரு பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அழைப்பு வந்தது. பொறுப்பாளர் விசைமேல் வைத்த விரலை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

"நாம தயாராத்தான் இருந்தோம். மக்கள் ஒத்துழைக்கல," என்றார் இயக்குநர். மாற்றம் காலவரையின்றித் தள்ளிவைக்கப்பட்டது.

கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. மேட்டுக் குடியிருப்புக்காரர்கள் விடவில்லை. பெரிய ரோட்டு வீடுகளுக்கு மட்டும் வாசல் வரை ஆம்புலன்ஸ், எங்களுக்கு டயர் கடையா, இது பாரபட்சம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். குழு அவசரமாகக் கூடியது. வரையறை அதிகாரி அம்மாள் இம்முறை தீர்வோடு வந்திருந்தார்.

"பாரபட்சம்னு சொல்றாங்க. உண்மைதான் சார். வார்கேர்ல பெரிய ரோட்டுக்காரங்க இருபது எழுத்து, மேட்டுக்காரங்க அறுபது எழுத்து எடுத்துக்கறாங்க. கேர் வகைக்கு மாத்திடுவோம். கேர்ல எல்லாருக்கும் ஒரே அளவு. இருபது எழுதினாலும் மீதி நாற்பதுக்குக் கணினியே வெறும் இடத்தப் போட்டு நிரப்பிடும்."

பொறுப்பாளருக்குத் தலை சுற்றியது. "மேடம், மேட்டுக்காரங்களுக்குப் பத்தலங்கறதுதானே புகார்?"

"இப்ப யாருக்குமே அறுபதுக்கு மேல இல்ல, அறுபதுக்குக் கீழயும் இல்ல. சமத்துவம் வந்துடுச்சா இல்லையா?"

அந்த மாற்றத்துக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. அன்றைக்கே அமலுக்கு வந்தது. விளைவும் அன்றைக்கே தெரிந்தது. கட்டம் நிரம்பினால் ஓட்டுநரின் திரையில் ஒரு சிவப்புக் கோடு வரும், ‘வழி பாதியில் வெட்டுப்பட்டிருக்கலாம், நின்று விசாரிக்கவும்’ என்று அர்த்தம். இப்போது எல்லாக் கட்டமும் வெறும் இடத்தால் நிரம்பியிருந்ததால் ஊரில் எல்லா வண்டிக்கும் சிவப்புக் கோடு. பெரிய ரோட்டில் வாசலிலேயே பெயர்ப்பலகை தொங்குகிற வீட்டுக்குப் போனவர்கள்கூடத் தெருமுனையில் வண்டியை நிறுத்தி விசாரித்தார்கள். இயக்குநரின் மாமனாருக்கு நெஞ்செரிச்சல் வந்தபோதும் வண்டி தெருமுனையில்தான் நின்றது.

சாயங்காலத்துக்குள் கட்டம் பழையபடி வார்கேர் அறுபதாகிவிட்டது. குழு இல்லை, கூட்டம் இல்லை. ஒரே ஒரு போன்.

அதன்பிறகு வாரியம் ஒரு ஞானோதயத்துக்கு வந்தது. கட்டத்தை மக்களுக்கு ஏற்றபடி மாற்றுவது கஷ்டம், மக்களைக் கட்டத்துக்கு ஏற்றபடி மாற்றுவது சுலபம். டயர் கடை வாசலில் தகரக் கூரை போட்டு, இரும்புப் பெஞ்சு வைத்து, ‘நோயாளிகள் காத்திருப்பு மையம்’ என்று பலகை மாட்டினார்கள். இயக்குநர் நாடா வெட்டினார்.

"உலகத்துல எங்கயும் ஆம்புலன்ஸ்தான் நோயாளியத் தேடிப் போகுது. இங்க நோயாளி பாதி தூரம் வர்றார், ஆம்புலன்ஸ் பாதி தூரம் வருது. இதுதான் மக்கள் பங்கேற்பு. வண்டி போய்ச் சேர்ற சராசரி நேரத்துல நாமதான் இன்னைக்கு முதலிடம்னு பெருமையோட சொல்லிக்கறேன்," என்று முழங்கினார். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் கை தட்ட முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

பாவம் டயர்க்கடைக்காரர். பெஞ்சு வந்தபிறகு பஞ்சர் ஒட்ட வருகிற வண்டி நிற்க இடமில்லை. வெறுத்துப்போய்க் கடையை வேறு தெருவுக்கு மாற்றப் பார்த்தார். வாரியத்திலிருந்து ஆள் வந்துவிட்டது.

"நீங்க நகரக் கூடாதுங்க. தரவுத்தளத்துல இருக்கீங்க."

"நான் டயர் விக்கிறவன்யா!"

"அது உங்க தொழில். நாங்க சொல்றது உங்க இடத்த."

பொறுப்பாளரின் அக்கா இந்தக் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு இருமலானது, இருமல் இரைப்பானது. பேச்சு வரவில்லை. தம்பி போன் செய்தார், வண்டியும் பறந்து வந்தது, டயர் கடைக்கு. அக்காவை முதுகில் தூக்கிக்கொண்டு அத்தனை படிக்கட்டும் இறங்கினார். இறங்க இறங்க அவள் மூச்சு அவர் காதுக்குள் விசில் மாதிரி கேட்டது, பாதி வழியில் அதுவும் நின்று நின்று வந்தது. எப்படியோ பிழைத்துக்கொண்டாள்.

மருத்துவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இன்னொரு தடவ இப்படித் தூக்கிட்டு ஓடி வராதீங்க. அந்தக் குலுக்கல் தாங்காது. ஆம்புலன்ஸ்காரங்கதான் மேல வந்து இருக்கிற எடத்துலயே ஆக்சிஜன் வைக்கணும். இல்லேன்னா நான் பொறுப்பில்ல."

பொறுப்பாளர் அன்று வீடு திரும்பி, தூங்கும் அக்காவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தைவிட இது பெரிய பயம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

மறுநாள் காலை அலுவலகத்தில், எல்லோரும் தேநீருக்குப் போயிருந்த நேரத்தில், யாரையும் கேட்காமல் ஒரே ஒரு வரி தட்டினார். ‘வழி’ கட்டம் டெக்ஸ்ட் ஆனது. கண் சிமிட்டும் நேரம் என்று அவர் சொன்னது சரியில்லை. சிமிட்ட ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது. ஊரில் ஒரு குருவிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சற்று நேரத்தில் அழைப்பு மேசையில் இருக்கும் பெண் அவரிடம் ஓடிவந்தாள். "சார், வழிக் கட்டத்துக்கு என்னமோ ஆயிடுச்சு. எழுத எழுதப் போயிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது!"

"எழுதும்மா," என்றார் பொறுப்பாளர். "அவங்க சொல்றத முழுசாக் கேட்டு எழுது."

அவள் எழுதினாள். சந்துகளையும் படிகளையும் எழுதினாள், உடைந்த குழாயையும் பச்சைக் கதவையும் எழுதினாள், குரைக்கிற ஆனால் கடிக்காத நாயையும் எழுதினாள். ஒரு தடவை எழுதிவைத்த வழி அந்தப் போன் எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தால் தானே வந்து நிற்கும். ஆம்புலன்ஸ்காரர்கள் டயர் கடையில் வண்டியைப் போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரும் சிலிண்டருமாக மேடேறினார்கள். முதல் நாள் அவர்களைத் தன் வீட்டு வாசலில் பார்த்த ஒரு கிழவர், தப்பான வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்து வழி சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தாராம். அக்காவுக்கும் ஒருமுறை இரைப்பு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஆக்சிஜன் வந்தது.

"உன் உத்தியோகம் என்னன்னு இப்பத்தான்டா எனக்குப் புரியுது," என்றாள் தம்பியிடம். அதற்கு முன் அவள் அவரை அப்படிப் பாராட்டியதே கிடையாது.

சந்தோஷம் மாதக் கடைசி வரைக்கும்தான். அறிக்கை வந்தது. வண்டி போய்ச் சேர்கிற சராசரி நேரம் எங்கேயோ எகிறியிருந்தது. முன்பு டயர் கடையைத் தொட்டதும் கடிகாரம் நிற்கும். இப்போது கதவைத் தட்டும்வரை ஓடுகிறது. முதலிடம் போயிற்று. காத்திருப்பு மையத்தில் காத்திருக்க ஒரு நாதியில்லை. இரண்டாவது பெஞ்சுக்கு வேறு அனுமதி வாங்கியாகிவிட்டது. யார் இந்த வேலையைச் செய்தது என்று தேடினார்கள். பொறுப்பாளர் மறைக்கவில்லை.

காலையில் விசாரணை. அதே நீள மேசை, அதே வாளி.

"உயிர் பிழைச்சவங்க எண்ணிக்க கூடியிருக்கு சார்," என்றார் பொறுப்பாளர். "அத மட்டும் ஒரு தடவ பாருங்க."

"அந்த எண்ணிக்கைக்கு நம்ம அறிக்கையில எடமே கெடையாதே," என்றார் இயக்குநர் நிஜமான வருத்தத்தோடு. "இருந்தா நான் பாக்க மாட்டேனா?"

வரையறை அதிகாரி அம்மாள் போனை எடுத்தார். "பழையபடி அறுபதாக்கச் சொல்லிடறேன் சார்."

பொறுப்பாளர் பதறி எழுந்தார். "மேடம், வேண்டாம். பெருசாக்கறது வேற, சுருக்கறது வேற. சுருக்கினா லட்சக்கணக்கான வரிய ஒவ்வொண்ணா எடுத்து வெட்டணும். அது முடியற வரைக்கும் டேபிள் பூட்டியே கெடக்கும், ஒரு அழைப்பும் பதிவாகாது. வெட்டின வழி திரும்பியும் வராது."

இயக்குநர் யோசித்தார். "அப்ப பத்திரிகையில அறிவிப்பு குடுக்கணுமோ?"

"எதுக்கு சார்? புதுசா எதாவது செஞ்சாத்தான் அறிவிப்பு. இது இருந்தபடி ஆக்கறதுதானே?" என்ற அம்மாள் போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கீழே வைத்தார். "ஆரம்பிச்சாச்சு."

விசாரணை தொடர்ந்தது. பொறுப்பாளரின் மனப்பான்மை, ஒழுங்கு, கட்டுப்பாடு என்று இயக்குநர் பேசிக்கொண்டே போனார். அவருடைய பேச்சுக்கு மட்டும் எந்தக் கட்டமும் எல்லை போடவில்லை. அப்போது பொறுப்பாளரின் பையில் போன் அடித்தது. கீழ்வீட்டுக்காரம்மா.

"தம்பி, அக்காவுக்கு ரொம்ப முடியல. உதடெல்லாம் நீலமாயிட்டு வருது. ஆம்புலன்ஸுக்குப் போட்டா, ‘பதிவாக மாட்டேங்குது, லைன்லயே இருங்க’ன்னே சொல்லிட்டிருக்கா அந்தப் பொண்ணு. அவளும் அழறா."

பொறுப்பாளர் கை கூப்பினார். வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாதவர், அந்த அறையில் கத்தினார். "சார், நிறுத்தச் சொல்லுங்க! எங்க அக்கா சார்! பாதியில நிறுத்தினா ஒண்ணும் ஆகாது, தரவு கெடாது, மாத்தறதுக்கு முன்னால இருந்தபடியே இருக்கும். ஒரு விசைய அழுத்தினாப் போதும்!"

இயக்குநர் வரையறை அதிகாரியைப் பார்த்தார். அம்மாள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார்.

"விசாரிக்கப்படறவரே விசாரணைக் குழுவுக்கு ஆலோசனை சொல்றது முறையில்ல சார்."

பொறுப்பாளர் அதற்கு மேல் நிற்கவில்லை. மூன்று மாடியும் இறங்கி ஓடினார். கிடைத்த வண்டியில் தொற்றினார், பாலத்து நெரிசலில் குதித்து மறுபடி ஓடினார். டயர் கடைக்கு வந்தபோது அங்கே ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. பூட்டு அப்போதுதான் திறந்திருக்கிறது, அழைப்பு அப்போதுதான் பதிவாகியிருக்கிறது. ஓட்டுநர் திரையைப் பார்ப்பதும் ஹாரன் அடிப்பதுமாக இருந்தார்.

"நேத்து வரைக்கும் வீட்டு வழி முழுசா வந்துச்சு சார். இன்னைக்கு டயர் கடையோட நிக்குது. மேல எந்த வீடுன்னு தெரியல."

பொறுப்பாளர் சிலிண்டரைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். ஓட்டுநரும் பின்னாலேயே ஓடிவந்தார்.

அக்கா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கீழ்வீட்டுக்காரம்மா விசிறியால் வீசிக்கொண்டே இருந்தார். தம்பியைப் பார்த்ததும் விசிறியை நிறுத்திவிட்டு ஓவென்று அழுதார். ஓட்டுநர் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். அக்காவின் உடம்பில் இன்னும் சூடு இருந்தது. கொஞ்சம் முந்தி, கொஞ்சமே கொஞ்சம் முந்தி வந்திருந்தால் போதும். பொறுப்பாளர் சிலிண்டரை இறக்கி வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றார்.

மறுநாள் சந்து முழுக்க ஜனம். எடுக்கிற நேரம் நெருங்கியபோது இயக்குநரிடமிருந்து போன் வந்தது.

"கேள்விப்பட்டதும் ரொம்ப வருத்தமாயிடுச்சு. வாரியத்துல எல்லாரும் உங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரிதான். மாலையோட நானும் மேடமும் நேர்லயே வந்திருக்கோம். டயர் கடைகிட்ட நிக்கறோம். இதுக்கு மேல எப்படி வர்றது?"

"கடைக்குப் பின்னால ஒரு சந்து வரும் சார்," என்றார் பொறுப்பாளர். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது. "அதுல ஏறினா உடைஞ்ச குழாய் ஒண்ணு இருக்கும். அங்க வலது பக்கம் திரும்பி, படிக்கட்டு ஏறி, பச்சைக் கதவு தாண்டி..."

"கொஞ்சம் சுருக்கமாச் சொல்லுங்களேன். மேடத்துக்கு இன்னொரு கூட்டம் இருக்கு."

பொறுப்பாளர் திரும்பிப் பார்த்தார். நான்கு பேர் குனிந்து அக்காவைத் தோளுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கயே நில்லுங்க சார்," என்றார். "நாங்களே தூக்கிட்டு வர்றோம்."